உதவி தேவை: பழைய பிளானர் ஹெட்ஃபோனில் மெத்தை மாற்றிய பிறகு பேஸ் காணாமல் போய்விட்டது

செவிக்கினியன்:
வணக்கம். என்னிடமுள்ள பழைய பிளானர் ஹெட்ஃபோனை (கூம்புக்குப் பதிலாகத் தட்டையான சவ்வு ஒலியெழுப்பும் வகை) அணிந்தால் அரைமணி நேரத்திலேயே காதுமடல் வலிக்கத் தொடங்கிவிடும் என்பதால், காதை முழுவதும் சூழ்ந்துகொள்ளும் பெரிய மெத்தைகளை வாங்கிப் பொருத்தினேன். திறந்தது திறந்தாயிற்றே என்று உள்ளே பார்த்தபோது, ஒலியை எழுப்பும் டிரைவருக்குப் பின்னால் இருந்த ஃபோம் வட்டங்கள் விரல் பட்டதுமே பொடியாக உதிர்ந்தன. அவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டேன். இப்போது அணிவதற்கு மிகவும் சுகமாக இருக்கிறது. ஆனால் பேஸ், அதாவது அடிச்சுரம், ஏறக்குறைய இல்லை. பாடகரின் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதைப் போல் ஒலிக்கிறது. நான் எதைக் கெடுத்துவிட்டேன்? தெரிந்தவர்கள் சற்று விரைவாகச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தாழ்சுருதி:
எந்த நிறுவனத்தின் எந்த மாடல் என்று எழுதவில்லையே. மெத்தையின் மேலுறை தோலா, வெல்வெட் துணியா? உட்புறச் சுவரில் துளைகள் உள்ளனவா? அதை எப்படிப் பொருத்தினீர்கள், எதில் இணைத்துக் கேட்கிறீர்கள்? இவை தெரியாமல் யார் என்ன சொன்னாலும் ஊகமாகவே இருக்கும்.

உயர்மின்:
எனக்குக் காரணம் தெளிவாகத் தெரிகிறது. பழைய பிளானர்கள் மின்திறனை மிகுதியாகக் கேட்பவை. 150 ஓம் ஹெட்ஃபோன் ஒன்றுக்கு 10 மில்லிவாட் கொடுக்க ஏறக்குறைய 1.2 வோல்ட் வேண்டும். கைப்பேசியின் துளையிலிருந்து அவ்வளவு வருவது அரிது. நல்ல ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வைத்துக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

பழஞ்சரக்கு:
பல ஆண்டுகளாக இந்தக் கேள்விக்கு விடை எழுதி வருகிறேன். ஆனாலும் ஒவ்வொரு மாதமும் யாராவது ஒருவர் முதலில் பிரித்துவிட்டுப் பிறகு வந்து கேட்கிறார். உதிர்ந்த அந்த வட்டம் வெறும் அடைப்புப் பஞ்சு அன்று, ஒலியைச் சீராக்கும் ஓர் உறுப்பு என்பதை இதைத் திறக்கத் துணிபவர் முன்பே அறிந்திருக்க வேண்டும். பிளானர் என்ற சொல்லையும் சற்றுக் கவனமாகக் கையாளலாம். யமஹா தன்னுடையதை ஆர்த்தோடைனமிக் என்றது, வார்ஃபடேல் ஐசோடைனமிக் என்றது, ஃபாஸ்டெக்ஸ் ரெகுலர் ஃபேஸ் என்றது. மூன்றிலும் அடிப்படைத் தத்துவம் ஒன்றே என்றாலும் உள்ளமைப்பு வேறு. ஒன்றுக்குச் சொன்ன மருந்து மற்றொன்றுக்கு ஆகாது. மாடலை எழுதிவிட்டு உதவி கேளுங்கள்.

செவிக்கினியன்:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். யமஹா எச்பி-1. மெத்தை வெல்வெட் மேலுறை கொண்டது; மூல மெத்தையைவிட இரண்டு மடங்கு தடிமன். அளவு பொருந்தாததால் அட்டையில் ஒரு வளையம் வெட்டி, இருபக்க ஒட்டுநாடாவால் நடுவில் வைத்து ஒட்டியிருக்கிறேன். ஆம்ப்ளிஃபயர் முன்பு இருந்ததேதான். மாற்றத்துக்கு முன் அதில் பேஸ் நன்றாகவே இருந்தது. இன்னொன்றும் கவனித்தேன்: குரல் தலையின் நடுவில் நிற்காமல் இரு பக்கமும் சிதறியதைப் போல் இருக்கிறது.

காந்தத்தட்டு:
1976இல் வந்த எச்பி-1 என்றால் பேச்சுக்கு ஒரு பிடி கிடைத்துவிட்டது. துளையிட்ட இரண்டு காந்தத் தட்டுகளுக்கு நடுவே, சுருள் வடிவ உலோகத்தடம் பதித்த மெல்லிய சவ்வு அசைகிறது. சவ்வுக்குத் தனக்கென்று ஓர் ஒத்ததிர்வு உண்டு. பின்புறம் காற்றுக்குச் சிறிது தடை இல்லாவிட்டால் அந்த அதிர்வெண்ணில் ஒலி வீங்கி, அதற்கு மேலும் கீழும் உள்ளவற்றை மறைத்துவிடும். நீங்கள் சொல்லும் தகர டப்பா ஒலிக்கு இதுவே காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

மெல்லிய கம்பளி ஃபெல்ட்டில் (நெய்யாமல் அழுத்திச் செய்த துணி) வட்டம் வெட்டிப் பின்புறக் காந்தத் தட்டின் மேல் வையுங்கள், ஒட்ட வேண்டியதில்லை. ஃபெல்ட்டைத் தேர்ந்தெடுக்க எளிய வழி ஒன்று உண்டு. உதட்டில் வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு தடையோடு, ஆனால் திணறாமல் மறுபக்கம் போக வேண்டும். அறவே போகாத ஃபெல்ட் சவ்வின் அசைவை முடக்கி, இருக்கிற பேஸையும் தின்றுவிடும்.

தாழ்சுருதி:
ஃபெல்ட் தேவை என்பதை ஏற்கிறேன். ஆனால் இங்கே முதல் குற்றவாளி மெத்தை என்றே கருதுகிறேன். ஹெட்ஃபோனில் பேஸ் என்பது காதுக்கும் சவ்வுக்கும் நடுவிலுள்ள சிறிய காற்றறையில் உண்டாகும் அழுத்தம். அந்த அறையில் எங்கே கசிவு இருந்தாலும் முதலில் போவது அடிச்சுரம்தான். வெல்வெட் துணி காற்றை விடும், அட்டை வளையத்தின் விளிம்பும் விடும். தடித்த மெத்தை காதைச் சவ்விலிருந்து விலக்கி அறையையும் பெரிதாக்கிவிட்டது. காதின் மேல் அமரும்படி வடிவமைத்த ஹெட்ஃபோனைக் காதைச் சூழும் ஹெட்ஃபோனாக மாற்றும்போது இந்த விலையைக் கொடுத்தே தீர வேண்டியிருக்கிறது.

இதற்கு ஒரு கருவியும் வேண்டாம். பேஸ் நிறைந்த ஒரு பகுதியை ஓடவிட்டு, இரு கிண்ணங்களையும் உள்ளங்கையால் தலையோடு சேர்த்து மெதுவாக அழுத்துங்கள். அடிச்சுரம் அப்படியே எழுந்து வந்தால் கசிவுதான் நோய். எவ்வளவு அழுத்தியும் வராவிட்டால் நான் சொன்னதை விட்டுவிட்டுக் காந்தத்தட்டு சொல்வதைக் கேளுங்கள்.

உயர்மின்:
ஆம்ப்ளிஃபயர் அதேதான் என்றாலும் அதன் வெளியீட்டு மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்கு அது தரும் தடை) உயர்வாக இருந்தால் பேஸ் மெலியும் என்பதை எல்லாரும் மறந்துவிடுகிறீர்கள்.

காந்தத்தட்டு:
சுருளும் கூம்பும் கொண்ட சாதாரண டிரைவருக்கு அது பொருந்தும். அவற்றின் மின்மறுப்பு அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஏறி இறங்குவதால், ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு மின்மறுப்பு சுரச் சமநிலையை மாற்றிவிடும். பிளானரின் தடம் ஏறக்குறைய வெறும் மின்தடை போன்றது. எச்பி-1க்கு 150 ஓம் என்றால் கீழ்ச்சுரத்திலும் மேல்சுரத்திலும் அதை ஒட்டியே நிற்கும். ஆகவே ஒலி அளவு குறையலாமே தவிர, பேஸ் மட்டும் தனியாகக் குறையாது.

ஈயப்பற்று:
குரல் நடுவில் நிற்கவில்லை என்று எழுதியதை எல்லாரும் தாண்டிப் போய்விட்டீர்கள். செவிக்கினியன் அவர்களே, இந்த வேலையின்போது கேபிளையும் மாற்றினீர்களா? அல்லது உள்ளே ஏதாவது கம்பி அறுந்து மறுபடி சாலிடர் வைத்தீர்களா?

செவிக்கினியன்:
ஆம். பழைய கேபிள் விறைத்துப்போயிருந்ததால் அதையும் மாற்றினேன். இரு பக்கமும் ஒலி வந்தது என்பதால் அது ஒரு பொருட்டில்லை என்று நினைத்தேன்.

ஈயப்பற்று:
அதுதான். ஒரு பக்கத்தில் நேர்முனையும் எதிர்முனையும் இடம் மாறியிருக்கின்றன. ஒரு சவ்வு காதை நோக்கித் தள்ளும்போது மற்றது விலகுகிறது. அதனால் நடுவில் நிற்க வேண்டிய குரல் தலைக்கு வெளியே சிதறுகிறது. ஒரே ஆள் பேசும் மோனோ பதிவு ஒன்றைக் கேளுங்கள். குரல் நெற்றிக்குள் ஒரு புள்ளியாக நிற்காவிட்டால் ஏதாவது ஒரு கிண்ணத்தில் மட்டும் இரு கம்பிகளையும் மாற்றி வையுங்கள். உங்கள் பேஸும் இதனால்தான் போயிற்று. இரு பக்கமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன.

தாழ்சுருதி:
முதல் பாதி முழுவதும் சரி. இறுதி வரியை மட்டும் திருத்த வேண்டியிருக்கிறது. ஸ்பீக்கர்களில் இரு பக்கத்து ஒலியும் ஒரே அறையின் காற்றில் கலப்பதால் அழித்துக்கொள்ளும். ஹெட்ஃபோனில் ஒவ்வொரு காதுக்கும் அதற்கென்று ஓர் அறை. அங்கே கலப்பதற்கு வழியில்லை. முனை மாறினால் பேஸ் உள்ளீடற்றதைப் போல் தோன்றும், எங்கிருந்து வருகிறது என்று பிடிபடாது. ஆனால் ஒரு காதில் மட்டும் கேட்டால் அதன் அளவு குறைந்திருக்காது. ஒரு கிண்ணத்தை மட்டும் காதில் வைத்துக் கேட்டுப் பார்த்தால் விளங்கிவிடும். அப்போதும் மெலிவாகவே இருந்தால் கசிவும் சேர்ந்திருக்கிறது.

ஈயப்பற்று:
ஏற்றுக்கொள்கிறேன், ஸ்பீக்கரை மனத்தில் வைத்து எழுதிவிட்டேன். கேபிளைத் தொடும் முன் பிளக்கிலேயே மல்டிமீட்டரை வைத்து இரு பக்கத்தையும் அளந்துவிடுங்கள். இரண்டும் 150 ஓமை ஒட்டி, ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் அளவு ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் சாலிடர் சரியாகப் பிடிக்கவில்லை என்று பொருள். மீட்டரின் முனையைச் சவ்வின் அருகே மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

பழஞ்சரக்கு:
இவ்வளவும் எதற்கு? இத்தாலிய வடிவமைப்பாளர் மரியோ பெல்லினி வடிவமைத்த ஒரு பொருளில் மெத்தை, ஃபோம், கேபிள் என மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, எது எதைக் கெடுத்தது என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம். இத்தகைய பொருள்கள் இனி உருவாகப் போவதில்லை. மூலநிலையிலேயே வைத்திருப்பதுதான் அவற்றுக்கு நாம் செய்யும் மரியாதை.

காந்தத்தட்டு:
உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் எந்த மூலநிலையைச் சொல்கிறீர்கள்? பாலியூரித்தேன் ஃபோம் ஈரப்பதத்தால் தானே சிதைந்து பிசுபிசுப்பாகி, பின்பு பொடியாகிறது. அந்தப் பொடி காந்தத் தட்டின் துளைகள் வழியாகச் சவ்வின் மேல் விழுந்தால், அசையும்போது கரகரக்கும். அதை அப்படியே விட்டுவைப்பது பாதுகாப்பு ஆகாது. தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் அது எப்படி ஒலித்ததோ, அந்த ஒலிக்கு அருகில் கொண்டுபோவதையே நான் பாதுகாப்பு என்பேன்.

பழஞ்சரக்கு:
அழுகிய ஃபோமைக் காக்கச் சொல்லவில்லை. காதின் மேல் அமரும் மெத்தையை எடுத்துவிட்டு இரு மடங்கு மெத்தையைப் பொருத்துவது எந்த நாளின் ஒலிக்கு அருகில் போவது?

தாழ்சுருதி:
அவருக்குக் காது வலிக்கிறது, ஐயா. வலியோடு அலமாரியில் கிடக்கும் ஹெட்ஃபோனைவிட, மாற்றி அமைத்துத் தினமும் கேட்கப்படுவது நல்லது என்பேன். ஆனால் திரும்பப் பெற முடியாதபடி எதையும் செய்யக் கூடாது என்பதில் உங்களோடு நிற்கிறேன். மெத்தையும் ஃபெல்ட்டும் எடுத்துவிடக்கூடியவை. கிண்ணத்தில் துளையிடுவதும் சவ்வின் அருகே பசை தடவுவதும் அப்படியல்ல. பசையிலுள்ள கரைப்பான் மெல்லிய பிளாஸ்டிக்கைச் சுருக்கிவிடக்கூடும். பொடியை நீக்க அழுத்தக் காற்றையோ உறிஞ்சு கருவியையோ பயன்படுத்த வேண்டாம். ஒரே வீச்சில் சவ்வு கிழிந்துவிடும். கிண்ணத்தைக் கவிழ்த்துப் பிடித்து, மென்மையான தூரிகையால் துளைகளின் விளிம்பை மட்டும் வருடினால் போதும். இரும்புத் திருப்புளியை விரலால் உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். காந்தம் அதை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும்.

தடித்த மெத்தையால் இன்னொரு விளைவும் உண்டு. கிண்ணங்கள் அகன்று நிற்பதால் தலைப்பட்டையின் இறுக்கம் கூடும். மடல் வலி போய், தாடையோரம் வலிக்கத் தொடங்கினால் அதற்குக் காரணம் இதுதான்.

செவிக்கினியன்:
எல்லாருக்கும் நன்றி. உள்ளங்கையால் அழுத்தியதும் பேஸ் உடனே திரும்பி வந்தது, ஆகவே கசிவு உறுதி. வலது கிண்ணத்தில் கம்பிகள் மாறியிருந்தன. சரிசெய்ததும் குரல் நடுவில் வந்து நின்றது. அட்டை வளையத்தை எடுத்துவிட்டு, தோல் மேலுறை கொண்ட, தடிமன் குறைந்த மெத்தையை நேரடியாகப் பள்ளத்தில் அமர்த்தினேன். ஃபெல்ட் ஓர் அடுக்கு வைத்திருக்கிறேன். டப்பா ஒலி முக்கால்வாசி போய்விட்டது. காதுமடல் இன்னும் சிறிது படுகிறது, ஆனால் தாங்கிக்கொள்ளலாம்.

காந்தத்தட்டு:
மிக்க மகிழ்ச்சி. மீதிக் கால்வாசிக்கு ஃபெல்ட்டின் தடிமனே காரணமாக இருக்கலாம். என்ன தடிமன் வைத்தீர்கள், ஊதும்போது மூச்சு எளிதாகப் போனதா என்று எழுதுங்கள். இரு பக்கமும் ஒரே துண்டிலிருந்து வெட்டினீர்களா என்பதும் தெரிய வேண்டும். வேறு வேறு துண்டுகளாக இருந்தால் இரு காதிலும் ஒலி ஒன்றாக இராது.

தாழ்சுருதி:
மெத்தையைப் பள்ளத்தில் அமர்த்திய பின் விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தீர்களா? தலைப்பட்டையின் பக்கமுள்ள மேல்மூலையில்தான் அது பெரும்பாலும் வெளியே வழுவி நிற்கும்.

காந்தத்தட்டு:
ஐந்து நாள்களாகிவிட்டன. ஃபெல்ட்டின் தடிமனை மட்டுமாவது எழுதிவிட்டுப் போங்கள், நண்பரே. எச்பி-1 வைத்திருக்கும் இன்னும் இருவர் எனக்குத் தனியே எழுதிக் கேட்டிருக்கிறார்கள்.