லேப்டாப் சார்ஜைத் தின்றது எந்த டேப்? உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

திரியைத் தொடங்கியவர்:

எங்கள் பகுதியில் மாதம் ஒரு நாள் பராமரிப்புப் பணிக்காகக் கரண்டை நிறுத்துவார்கள். காலை 9 மணிக்குப் போனால் சாயங்காலம்தான் வரும். வீட்டில் இன்வெர்ட்டர் கிடையாது. நான் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன், அன்றைய கோப்பை அன்றே அனுப்பியாக வேண்டும். அதனால் அந்த ஒரு நாள் மட்டும் என் பிழைப்பு முழுக்க லேப்டாப் பேட்டரியை நம்பித்தான் இருக்கிறது.

வாங்கிய புதிதில் ஐந்து மணி நேரம் தாராளமாக நின்ற சார்ஜ், மூன்றாவது வருடத்தில் இரண்டு மணி நேரத்துக்கு வந்துவிட்டது. போன ஆடி மாதத்துப் பராமரிப்பு நாளில் 11 மணி 10 நிமிடத்துக்குத் திரை அணைந்தே போனது. பதினான்கு பக்கக் கோப்பில் ஆறாவது பக்கத்தில் நிற்கிறேன். கையில் ஃபோன் இருக்கிறது, அதில் நெட் இருக்கிறது, தட்டச்சு செய்யத்தான் வழியில்லை. அந்த வேலையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு நாள் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

பழுது பார்க்கும் கடையில் கொண்டுபோய்க் காட்டினேன். திறந்துகூடப் பார்க்காமல், “பேட்டரி போயிடுச்சும்மா, மாத்திடலாம், 3,500 ஆகும்” என்றார்கள். மாற்றிவிடலாம் என்றுதான் நானும் இருந்தேன். கணினித் துறையில் இருக்கும் என் சித்தி பையன்தான், “அக்கா, காசு கொடுக்கறதுக்கு முன்னாடி பேட்டரியோட ஜாதகத்தைப் பார்த்துடு” என்று சொல்லி ஒரு கட்டளையைச் சொல்லிக் கொடுத்தான்.

விண்டோஸ் வைத்திருப்பவர்கள் எல்லோரும் இதை ஒரு முறை செய்து பாருங்கள். கட்டளை அடிக்கும் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து, ஆங்கிலத்தில் பவர்சிஎஃப்ஜி என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, பேட்டரிரிப்போர்ட் என்று ஒரே சொல்லாக அடித்தால், ஓர் அறிக்கையைச் சேமித்து, அது எங்கே இருக்கிறது என்றும் காட்டும். அதில் இரண்டு எண்கள் முக்கியம். ஒன்று, பேட்டரி தயாரானபோது அதன் கொள்ளளவு. இன்னொன்று, இப்போது முழுதாக ஏற்றினால் எவ்வளவு பிடிக்கிறது என்பது. என்னுடையதில் முதல் எண் 41,000 மில்லிவாட் மணி, இரண்டாவது 34,850. அதாவது மூன்று வருடம் உழைத்த பிறகும் 85 சதவீதம் மிச்சம் இருக்கிறது. பேட்டரி நன்றாகத்தான் இருந்தது!

அப்புறம் கணக்குப் போட்டேன். கிட்டத்தட்ட 35 வாட் மணி, 2 மணி 10 நிமிடத்தில் காலி என்றால், லேப்டாப் சராசரியாக 16 வாட் இழுத்திருக்கிறது. எழுதுவதும் அகராதி பார்ப்பதுமாக இருக்கிற வேலைக்கு என் லேப்டாப் மாதிரி ஒன்று 6, 7 வாட் எடுத்தால் போதும். மீதி 9 வாட் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

நான் திறந்து வைத்திருப்பது பிரவுசர் ஒன்றுதான். அதற்குள் ஷிஃப்ட், எஸ்கேப் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் அதற்கென்றே ஒரு டாஸ்க் மேனேஜர் வருகிறது. குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் இதே விசைகள்தான். விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் மொத்தமாக ‘பிரவுசர்’ என்று காட்டும் இடத்தில், இது டேப் டேப்பாகப் பிரித்துக் காட்டுகிறது. சிபியு, அதாவது ப்ராசசர் எத்தனை சதவீதம் உழைக்கிறது என்ற தலைப்பின் மேல் சொடுக்கினால் அதிகம் எடுப்பது மேலே வந்து நிற்கும்.

கணக்குப் போட்ட அன்று இரவு நான் பார்த்ததைச் சொல்கிறேன். மொத்தம் இருபத்து மூன்று வரிகள். என் அகராதி டேப் 0.0. மின்னஞ்சல் 0.3. கூகுள் டாக்ஸ், நான் தட்டச்சு செய்யும்போது மட்டும் 4, 5 என்று ஏறி மறுபடி இறங்குகிறது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரே ஒரு வரி 38, 41, 37 என்று மாறிக்கொண்டே இருக்கிறது. என்னவென்று பார்த்தால், பங்குச் சந்தை விலை காட்டும் ஒரு பக்கம். தம்பி பல மாதங்களுக்கு முன்னால் என் லேப்டாப்பில் பார்த்துவிட்டு இன்னொரு விண்டோவில் அப்படியே விட்டிருக்கிறான். மணி இரவு பத்தரை, சந்தை மூடி ஏழு மணி நேரம் ஆகிறது. அந்தப் பக்கம் மட்டும் வரைபடத்தைத் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டே இருந்தது.

இரண்டாவது வரி ஓர் எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரோடு நாமே சேர்க்கும் துணை நிரல். எப்போதோ ஏதோ வாங்கும்போது தள்ளுபடிக் கூப்பன் தேடித் தருமென்று சேர்த்தது. நான் திறக்கிற ஒவ்வொரு பக்கத்துக்குள்ளும் புகுந்து ‘இது கடையா’ என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. அரசாணையை மொழிபெயர்க்கும் பக்கத்தில்கூட.

இரண்டையும் நீக்கினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, மாதக்கணக்காக உஸ்ஸென்று ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி நின்றுவிட்டது. அந்தச் சத்தத்துக்கு நான் எவ்வளவு பழகியிருந்தேன் என்பது அது நின்றபோதுதான் தெரிந்தது. அடுத்த பராமரிப்பு நாளில் 4 மணி 20 நிமிடம் வேலை செய்தேன். பேட்டரி அதே பழைய பேட்டரிதான்.

தம்பி மேல் எனக்கு வருத்தம் இல்லை. பின்னால் கிடக்கும் டேப் தூங்கும் என்று எல்லோரும் நினைப்பதைத்தான் அவனும் நினைத்தான். அது பாதி உண்மை. 2017 மார்ச்சில் வந்த குரோம் 57 முதல், பின்னணி டேப்களின் டைமர் வேலையை, அதாவது குறித்த இடைவெளியில் தானாக ஓடும் வேலையை, சராசரியாக ஒரு ப்ராசசர் கோரில் 1 சதவீதத்துக்குள் அடக்கிவைக்கிறார்கள். ஆனால் பாட்டு ஓடும் டேப்புக்கும், சர்வரோடு நேரடி இணைப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் டேப்புக்கும் விலக்கு உண்டு. அரட்டையும் அழைப்பும் பாதியில் அறுந்துவிடக் கூடாதே, அதற்காக. நேரடி விலை காட்டும் பக்கங்களும் அந்த விலக்குக்குள் வந்துவிடுகின்றன.

இதே மாதிரி அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள். என்ன செய்து கண்டுபிடித்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதினால் படிப்பவர்களுக்கு உதவும்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர்:

அக்கா, நீங்கள் எழுதியதை வாசிக்க 2022ஆம் ஆண்டுதான் ஞாபகம் வந்தது. எரிபொருள் வாங்க நாட்டில் டொலர் இல்லை, நீர்மின் நிலையங்களிலும் தண்ணீர் குறைவு. மார்ச் 31 அன்று 13 மணித்தியால மின்வெட்டு. நான் அப்போது பல்கலைக்கழகத்தில் இறுதி ஆண்டு. விரிவுரைகளைப் பதிவு செய்து காணொளியாகப் போடுவார்கள், அதைப் பார்த்துத்தான் பரீட்சைக்குப் படிக்க வேண்டும். கரண்ட் வருகிற நேரத்தில் லப்டொப்பையும் போனையும் சார்ஜில் போட்டுவிட்டு அதற்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடப்போம்.

எனது லப்டொப்பில் ஒரு காணொளி ஓடினாலே அடிப்பக்கம் மடியில் வைக்க முடியாத அளவுக்குச் சுட்டுவிடும். ஒன்றரை மணித்தியாலத்தில் பற்றறி முடிந்துவிடும். அதே விரிவுரையைத் தரவிறக்கிப் பார்த்த நண்பனுக்கு இரண்டரை மணித்தியாலம் நின்றது. இருவருடையதும் ஒரே மாடல். இது எப்படி என்று இரண்டு பேரும் இருந்து யோசித்தோம்.

யூடியூப்பில் ஓடும் காணொளியின் மேல் வலது சொடுக்கினால் பட்டியலின் கடைசியில் ‘ஸ்டாட்ஸ் ஃபோர் நேர்ட்ஸ்’ என்று ஒன்று இருக்கும். அதைத் திறந்தால் கோடெக், அதாவது காணொளியை எந்த முறையில் சுருக்கியிருக்கிறார்கள் என்ற வரி வரும். எனக்கு அதில் விபி09 என்று இருந்தது, அதுதான் விபி9. நண்பன் இறக்கியிருந்த கோப்பு எச்.264. விடயம் அங்கேதான். எச்.264ஐ விரிக்க எங்கள் இருவருடைய லப்டொப்பிலும் தனிச் சுற்று உண்டு, அது மிகக் குறைந்த மின்சாரத்தில் வேலையை முடித்துவிடும். விபி9ஐ முழுமையாக வன்பொருளிலேயே விரிக்கும் வசதி இன்டெல் ப்ரொசசர்களில் ஏழாம் தலைமுறையோடுதான் வந்தது. அதற்கும் புதிய ஏவி1 முறை என்றால் பதினோராம் தலைமுறை. எனது லப்டொப் அதற்கெல்லாம் முந்தியது. அதனால் ஒவ்வொரு படத்தையும் ப்ரொசசரே மாடாய் உழைத்து விரித்துக்கொண்டிருந்தது.

எச்264இஃபை என்று ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் உண்டு, எச்.264 வடிவத்தையே கேட்டு வாங்கும். அதைப் போட்ட பிறகு எனக்கும் இரண்டேகால் மணித்தியாலம் வந்தது. ஒரு விடயத்தைச் சொல்ல வேண்டும்: அதே தரத்துக்கு எச்.264 டேட்டா கூடுதலாக எடுக்கும். டேட்டா அட்டைக்குக் காசு எண்ணிக் கொடுத்த காலம் அது. அதனால் 480 என்ற குறைந்த தரத்தில் வைத்துப் பார்த்தேன். கரும்பலகை எழுத்து தெரிந்தது, அது போதுமாக இருந்தது. அந்தப் பரீட்சையில் சித்தியடைந்துவிட்டேன், அக்கா.

மென்பொருள் வேலையில் இருக்கும் ஒருவர்:

பிரவுசர் என்ற பெயரில் இல்லாத பிரவுசர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அலுவலக அரட்டைச் செயலி, குறிப்பு எழுதும் செயலி, கோட் எழுதும் எடிட்டர் என்று தனித்தனியாக நாம் நிறுவுவதில் பல எலக்ட்ரான் என்ற கட்டமைப்பில் செய்தவை. ஒவ்வொன்றுக்குள்ளும், குரோமுக்கு அடித்தளமான குரோமியம் முழுதாக உட்கார்ந்திருக்கிறது. எனக்கு நான்கு மணி நேரம் நிற்க வேண்டிய சார்ஜ் இரண்டரையில் போனபோது, என் பிரவுசரில் மூன்றே டேப்தான். பக்கத்தில் எலக்ட்ரான் செயலிகள் நான்கு. அவற்றில் இரண்டை நிறுத்திவிட்டு ஃபோனில் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் சரியானது.

எவ்வளவு சின்ன விஷயம் சார்ஜைக் குடிக்கும் என்பதற்கு, 2017இல் விஎஸ் கோட் எடிட்டரில் கண்டுபிடித்த ஒரு பிழையைச் சொல்வேன். எதுவுமே தட்டாமல் சும்மா திறந்து வைத்திருந்தால், கர்சர் மினுக்குவதற்கு மட்டும் 13 சதவீதம் ப்ராசசர் போனதாக ஒருவர் அளந்து காட்டினார். மினுக்கலை ஒரு அனிமேஷனாக எழுதியிருந்தார்கள். கண்ணுக்குத் தெரிவது வினாடிக்கு ஓரிரு மாற்றம். உள்ளே வினாடிக்கு 60 முறை வரைந்துகொண்டிருந்தது. பிறகு சரிசெய்துவிட்டார்கள்.

குரோமில் இதைவிடப் பழைய கதை ஒன்று உண்டு. விண்டோஸில் உள்ளே ஒரு கடிகாரம் 15.6 மில்லிவினாடிக்கு ஒரு முறை, அதாவது வினாடிக்கு 64 முறை, ப்ராசசரை எழுப்பும். குரோம் அதை 1 மில்லிவினாடி ஆக்கி வைத்திருந்தது, வினாடிக்கு 1,000 முறை. தூங்கவிட்டால்தானே மின்சாரம் மிச்சமாகும்? 2010இலேயே புகார் பதிவாகியும், 2014இல் பத்திரிகையில் வந்த பிறகுதான் திருத்தும் வேலை வேகம் பிடித்தது. நான்கு வருடம் எத்தனை பேர் பேட்டரியைக் குறை சொல்லிக்கொண்டு இருந்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

மதுரையிலிருந்து ஒருவர்:

எனக்கு நடந்தது 2018 தொடக்கத்தில். பழைய பாட்டு தேடி ஒரு தளத்துக்குப் போனேன். பக்கம் திறந்த மறு நொடியே மின்விசிறி உச்சத்தில் ஓடுகிறது, சிபியு 100. மூடினால் அடங்குகிறது. திறந்தால் மறுபடி அதே. பார்க்கிறவர்களின் கணினியை வைத்தே கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரலைப் பக்கத்துக்குள் வைத்திருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. 2017 செப்டம்பரில் காயின்ஹைவ் என்ற சேவை வந்ததிலிருந்து இது தொற்றுநோய் மாதிரி பரவியது. 2018 பிப்ரவரியில் பார்வையற்றோருக்கு வாசித்துக் காட்டும் ஒரு செருகுநிரலை யாரோ உடைத்துப் புகுந்ததில், பிரிட்டன் அரசுத் தளங்கள் உட்பட 4,000க்கும் மேற்பட்ட தளங்களில் இந்த நிரல் ஒரே நாளில் ஏறிவிட்டது. 2019 மார்ச்சில் காயின்ஹைவை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு எனக்கு அந்தத் தொல்லை வரவில்லை. ஆனாலும் மின்விசிறி திடீரென்று சத்தம் போட்டால் கை தானாக ஷிஃப்ட் எஸ்கேப்புக்குப் போய்விடுகிறது.

இன்னொருவர்:

அக்கா, எல்லாம் சரி. நான் எந்தப் பிரவுசருக்கு மாறலாம்? எட்ஜ்தான் சார்ஜ் நிற்கும் என்கிறார்களே?

திரியைத் தொடங்கியவர்:

தம்பி, அந்தப் பேச்சு 2016 ஜூனில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஒரு சோதனையோடுதான் பெரிதாகப் பரவியது. ஒரே மாதிரியான லேப்டாப்களில் தொடர்ந்து காணொளி ஓட்டினார்கள். எட்ஜ் 7 மணி 22 நிமிடம், ஓபரா 6 மணி 18, ஃபயர்ஃபாக்ஸ் 5 மணி 9, குரோம் 4 மணி 19. அதைச் செய்தது எட்ஜை உருவாக்கியவர்களே என்பதையும் மறக்கக் கூடாது. அதோடு, 2020 முதல் எட்ஜும் குரோம் நிற்கிற அதே குரோமியம் அடித்தளத்துக்கு மாறிவிட்டது. அந்த எண்களை வைத்து இன்றைக்கு முடிவெடுக்க மாட்டேன். நான் பிரவுசரை மாற்றவே இல்லை. இரண்டு மணி நேரமும் நாலேகால் மணி நேரமும் ஒரே பிரவுசரில் பார்த்தவைதான்.

குரோமில் செட்டிங்ஸில் பெர்ஃபார்மன்ஸ் என்ற பகுதிக்குப் போனால், சார்ஜை மிச்சப்படுத்தும் எனர்ஜி சேவர் இருக்கும். 2022 டிசம்பரில் வந்தது. சாதாரணமாக சார்ஜ் 20 சதவீதத்துக்கு இறங்கினால்தான் வேலை செய்ய ஆரம்பிக்கும். சார்ஜர் இல்லாதபோதெல்லாம் வேலை செய்யும்படி மாற்றிக்கொள்ளலாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். எட்ஜில் ஸ்லீப்பிங் டேப்ஸ் உண்டு, பார்க்காத டேப்பைத் தூங்க வைக்கும். லினக்ஸில் இன்டெல் கிராஃபிக்ஸ் இருந்தால் ஃபயர்ஃபாக்ஸ் 115 அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்கட்டும், அதில்தான் காணொளியை வன்பொருளில் விரிப்பது இயல்பாகவே வந்தது. மேக் என்றால் மேலே பேட்டரி படத்தைச் சொடுக்கினாலே அதிகம் இழுக்கும் செயலியின் பெயர் வரும்.

யாழ்ப்பாணத்துத் தம்பி சொன்னதை நேற்று இரவு என் லேப்டாப்பிலும் பார்த்தேன். என்னுடையது எட்டாம் தலைமுறை, விபி9 பிரச்சினை இல்லை. ஆனால் சில காணொளிகளுக்கு ஏவி01 என்று வருகிறது, அப்போது மட்டும் சூடாகிறது. இது எனக்குத் தெரியாமலேயே இருந்திருக்கிறது. நன்றி, தம்பி. வரும் சனிக்கிழமை எங்கள் பகுதியில் பராமரிப்பு நாள். காலை 9 மணிக்கு 100 சதவீதத்தில் தொடங்கி, எத்தனை மணிக்கு எவ்வளவு இருந்தது என்று குறித்து வைத்து இங்கேயே போடுகிறேன்.