அம்மா தூங்கும் அறைக்குச் சத்தமில்லாத எக்ஸாஸ்ட் ஃபேன் சொல்லுங்க

கிருஷ்ணகிரி பழையபேட்டையில வீடு. அறை 10க்கு 12, உயரம் 10 அடி. ஜன்னலைத் திறந்தா ரோட்டுத் தூசி, லாரி ஹாரன். மூடினா புழுக்கம், அம்மாவுக்கு இழுப்பு வந்துடுது. இப்ப இருக்கிற 6 இன்ச் ஃபேன் போட்டா சுவரே அதிருது, அம்மா எழுந்து அணைச்சிடறாங்க. என்ன வாங்கலாம்?

பதில்:
தம்பி, நான் தர்மபுரியில எலக்ட்ரீஷியன். உங்க அறை 1200 கன அடி. மணிக்கு 6 தடவை காத்து மாறணும்னா நிமிஷத்துக்கு 120 கன அடி தள்ளினா போதும். சின்ன ஃபேனை முழு வேகத்துல ஓட்டாதீங்க. பெரிய ஃபேனை மெதுவா ஓட்டுங்க, சத்தம் நல்லாவே அடங்கும். இன்லைன் டக்ட் ஃபேன் (பைப்புக்கு நடுவுல மாட்டற ஃபேன்) இன்னும் நல்லது: மோட்டார் பாத்ரூம் லாஃப்ட்ல இருக்கும், அறையில வெறும் கிரில்தான். ரெண்டு பக்கமும் ஒரு முழம் வளையும் பைப் கொடுங்க, ரப்பர் வாஷர் வெச்சு மாட்டுங்க. ஸ்க்ரூவை நேரா சுவத்துல இறுக்கினா எந்த கம்பெனி ஃபேனும் கத்தும்.

பதில் 2:
உள்ள வர்ற காத்துக்கு வழி வேணுங்க. கதவுக்கு அடியில முக்கால் இன்ச் இடைவெளி விடுங்க, இல்லன்னா ஃபேன் மூச்சு முட்டி உறுமும்.

கேட்டவர்:
ரொம்ப நன்றிண்ணா. லாஃப்ட்ல இடம் இருக்கு. சாதா ரெகுலேட்டர் போடலாமா?

பதில்:
பிஎல்டிசி மோட்டார்னா (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) வேண்டாம், அதுக்கு வேகக் கட்டுப்பாடு கூடவே வரும். சாதா மோட்டார்னா 1, 2, 3னு படிப்படியா வேகம் மாத்தற ஸ்டெப் ரெகுலேட்டர் போடுங்க. சுத்தற டிம்மர்ல மோட்டார் ரீங்காரம் போடும்.