பாதியில் நின்ற அப்கிரேட்: உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்

கல்லடியிலிருந்து:

2022 மார்ச் கடைசியில் நடந்தது. இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாத காலம். வீட்டில் யூபிஎஸ் இல்லை. கரண்ட் வந்த நேரம் பார்த்து, உபுண்டு 20.04 இல் (விண்டோஸ் மாதிரி ஒரு இயங்குதளம், லினக்ஸ் வகை) கட்டளை எழுதும் டெர்மினலைத் திறந்து, போட்டிருக்கும் மென்பொருள்களைப் புதுப்பிக்க ‘சூடோ ஆப்ட் அப்கிரேட்’ கொடுத்தேன். டவுன்லோட் எல்லாம் முடிந்து ‘அன்பேக்கிங்’, ‘செட்டிங் அப்’ என்று வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. பாதியைத் தாண்டியிருக்கும், திரை அணைந்து விட்டது.

மறுகா கரண்ட் வந்து போட்டால், கொம்பியூட்டர் எழும்புகிறது. ஆனால் எதை இன்ஸ்டால் பண்ணப் போனாலும் டிபிகேஜி (உபுண்டுவில் மென்பொருளைப் போடும் கருவி) இடையில் தடைப்பட்டது என்று ஒரே வரி. கூட்டாளி ஒருவன் “ஃபார்மட் போடு மச்சான்” என்றான். தங்கச்சி ஏ.எல். ஐசிடி பாடத்துக்குச் செய்த பைத்தான் புரோகிராம் பயிற்சிகள் முழுக்க அதில்தான் இருந்தன. மனம் வரவில்லை.

அந்தப் பிழைச் செய்தியை ஆறுதலாகத் திரும்ப வாசித்தேன். செய்ய வேண்டியதும் அதிலேயே இருந்தது: ‘சூடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ’. டிபிகேஜி ஒரு பேக்கேஜை, அதாவது ஒரு மென்பொருள் பொதியை, இரண்டு படியாகப் போடுகிறது. முதலில் கோப்புகளைப் பிரித்து வைக்கும், பிறகுதான் அமைப்புகளைச் சரிசெய்யும். எது எந்தப் படியில் நிற்கிறது என்று குறித்தும் வைத்திருக்கும். அதனால்தான் விட்ட இடத்திலிருந்து தொடர முடிகிறது. கட்டளையைக் கொடுத்ததும் ‘செட்டிங் அப்’ வரிகள் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கின. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் குறையாக நிற்கும் பேக்கேஜ்களைச் சரிசெய்யும் ‘சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்’ கொடுத்தேன், மிச்சமும் சரி. இறக்கிய கோப்புகள் டிஸ்கிலேயே இருந்ததால் டேட்டா இரண்டாம் தரம் போகவில்லை. அந்த நாட்களில் அது பெரிய விஷயம்.

இன்னொன்று. ‘லாக் கிடைக்கவில்லை’ என்று வந்தால் லாக் கோப்பை (ஒரே நேரத்தில் இரண்டு இன்ஸ்டால் ஓடாமல் தடுக்கும் பூட்டு) அழிக்கச் சொல்லிப் பலர் எழுதுகிறார்கள். அழிக்காதீர்கள். பெரும்பாலும் பின்னணியில் தானியங்கி அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரம் பொறுத்தால் அதுவே விடும்.

அக்கரைப்பற்றிலிருந்து:

அண்ணன், உங்களுடையது கரண்ட் செய்த வேலை. என்னுடையது நானே செய்தது. புதிய பைத்தான் போட்டேன், பழையது எதற்கு என்று ‘சூடோ ஆப்ட் ரிமூவ் பைத்தான்3’ கொடுத்தேன். நீக்கப் போகும் பேக்கேஜ்களின் பெயர் திரை நிறைய வந்தது. வாசிக்காமல் ‘ஆம்’ என்பதற்கு ஒய் அடித்தேன். உபுண்டுவின் பல கருவிகள் அந்தப் பைத்தானை நம்பித்தான் நிற்கின்றன என்பது அப்போது தெரியாது. ரீஸ்டார்ட் பண்ணினால் கறுப்புத் திரையில் லாகின் மட்டும்.

போனை யூஎஸ்பி கேபிளில் கொழுவி இணையம் எடுத்து, ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் உபுண்டு-டெஸ்க்டாப்’ கொடுத்தேன். டெஸ்க்டாப் திரும்பி வந்தது. வேறென்ன போனது என்று /வார்/லாக்/ஆப்ட் ஃபோல்டரில் இருக்கும் ஹிஸ்டரி.லாக் என்ற பதிவுக் கோப்பைத் திறந்து பார்த்தேன். நாள், நேரம், கொடுத்த கட்டளை, நீங்கிய ஒவ்வொரு பெயரும் அதில் இருந்தது. ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டேன். ஹோம் ஃபோல்டரில் ஒரு கோப்பும் போகவில்லை.

இப்போது எதை நீக்குவதென்றாலும் முதலில் கட்டளையில் ‘-எஸ்’ சேர்த்துத்தான் கொடுக்கிறேன். எதையும் நீக்காமல், என்னென்ன போகும் என்று மட்டும் காட்டும். எங்கள் கிளாஸில் பெடியன்கள் அந்தப் பட்டியலைச் சத்தமாக வாசித்து முடித்த பிறகுதான் ஒய் அடிக்க விடுகிறேன்.