யூதெமஸ், 120 யானை, 200 தாலந்து: யானைத் தீனிக்கு இவ்வளவா?

மாங்குளம் வாசகி:
உயர்தரம் எடுக்கும் மகனோடு சேர்ந்து அலெக்சாண்டருக்குப் பிந்திய கதையை வாசிக்கிறேன். சிந்துப் பக்கத்து ஆளுநர் பிலிப்பைக் கூலிப்படையினரே கொன்றுவிட, மாகாணத்தைப் பார்த்துக்கொள்ளும்படி தளபதி யூதெமசுக்கும் தட்சசீல அரசனுக்கும் அலெக்சாண்டர் கடிதம் எழுதுகிறான். பிறகு யூதெமஸ் போரஸை வஞ்சகமாகக் கொன்று, 120 யானைகளோடு கி.மு. 317இல், அலெக்சாண்டரின் தளபதிகளில் ஒருவனான யூமெனிஸ் பக்கம் சேர்கிறான். யானைச் செலவுக்கென்று யூமெனிஸ் கொடுத்தது 200 தாலந்து. இது நம்புகிற கணக்கா?

குளக்கட்டுக்காரன்:
தங்கச்சி, ஒட்டுசுட்டான் பக்கம் காலபோகம் செய்கிறவன் நான். போன தையில் கதிர் முற்றிய வயலுக்குள் மூன்று யானை இறங்கியது. யானை வெடி இரண்டு போட்டேன், ஒன்று புகைந்து அணைந்துவிட்டது. பரணில் இருந்து சத்தத்தைத்தான் கேட்டேன்: பிடுங்கும், வேரில் உள்ள சேற்றைக் காலில் அடித்து உதறும், அதற்குப் பிறகுதான் வாயில் வைக்கும். விடியப் பார்த்தால் அரை ஏக்கர் இல்லை. ஒன்றுக்கு நாளுக்கு 150 கிலோ என்று வைத்தாலும் 120க்கு 18 தொன். காட்டில் என்றால் தானே தேடித் தின்னும். படையோடு நடக்கும்போது யார் அறுத்துப் போடுவது? நம்பலாம்.

வவுனியா வாத்தியார்:
அண்ணை, தீனி சாட்டு. ஒரு தாலந்து ஏறக்குறைய 26 கிலோ. 200 என்றால் 5 தொன் வெள்ளி! அந்த யானைகள் எந்தப் பக்கம் நிற்குமோ அந்தப் பக்கம் தராசு சாயும், அதனால் ஆளை வளைக்கக் கொடுத்தது என்று பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் தியோதோரஸே எழுதியிருக்கிறார். இங்கே பனங்காமத்து வன்னியர் ஒல்லாந்தருக்குத் திறை கட்டியதும் யானையில்தானே. இன்னொன்று, யூதெமஸ் பிறகு யூமெனிசுக்கே கடன் கொடுத்தான். யூமெனிஸைக் கொல்லச் சதி நடந்தபோது ஓடிப்போய்ச் சொன்னதும் அவன்தான். பாசத்தால் இல்லை, காசு போய்விடுமே என்று. இது புளூட்டார்க் சொல்வது.

மாங்குளம் வாசகி:
சரி சேர். யானைகளுக்கு என்ன நடந்தது?

குளக்கட்டுக்காரன்:
சாட்டு என்றே வைப்போம், ஆனால் தின்னாத யானை இல்லையே சேர். தங்கச்சி, மாரியில் அவை வழியில் வரும்போது, யூமெனிஸின் எதிரித் தளபதி அந்திகோனஸின் ஆட்கள் பாய்ந்திருக்கிறார்கள். பாகன்மார் சாமான்களை நடுவில் விட்டு யானைகளைச் சதுரமாக நிறுத்திச் சமாளித்தார்கள், உதவிப்படை வரும்வரை. அந்த இடத்தை இரண்டு தரம் வாசித்தேன். இருவரும் மோதிய கபியேனேப் போருக்குப் பிறகு எல்லாம் அந்திகோனஸ் கைக்குப் போனது. யூதெமஸை அவன் கொன்றுவிட்டான். யானைகளை வைத்துக்கொண்டான்.