மலேசியாவுக்கு முறுக்கு: சர்டிபிகேட் செல்லாதாம், என்ன செய்வது?

காரைக்குடி முறுக்குக்காரன்:
தேன்குழல், சீப்புச் சீடை, மணகோலம், 40 பெட்டி. பத்து நாள் முன் தூத்துக்குடியிலிருந்து கிளம்பிவிட்டது. வர்த்தகச் சங்கத்தில் வாங்கிய ஆரிஜின் சர்டிபிகேட்டை (எந்த நாட்டுச் சரக்கு என்ற சான்று) அனுப்பினால், பினாங்கில் சரக்கு வாங்கும் பார்ட்டி "வரிச்சலுகைக்கு இது ஆகாது, ஃபார்ம் ஏஐ வேண்டும்" என்கிறார். பொரித்தது பாமாயிலில், அது இந்தோனேசியா எண்ணெய். அதனால் 'இந்தியப் பொருள்' இல்லையென்று ஆகிவிடுமா?

தூத்துக்குடி ஏஜென்ட்:
அண்ணே, சங்கம் கொடுத்தது சலுகையில்லாத சர்டிபிகேட். எந்த நாட்டுச் சரக்கு என்று மட்டும் சொல்லும், வரி குறையாது. ஃபார்ம் ஏஐ என்பது 2010ல் நடைமுறைக்கு வந்த இந்தியா-ஆசியான் வரிச்சலுகை ஒப்பந்தத்துக்கான சர்டிபிகேட்; ஆசியான் என்றால் மலேசியா, இந்தோனேசியா எல்லாம் சேர்ந்த தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பு. டிஜிஎஃப்டி (மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககம்) இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

எண்ணெய்க்குப் பயப்படாதீர்கள். விதிகள் இரண்டு. வெளிநாட்டு மூலப்பொருள் எஃப்ஓபி விலையில் (கப்பலேற்றும் வரையிலான விலை) 65 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அந்த மூலப்பொருளின் ஆறு இலக்கச் சுங்கக் குறியீடும் சரக்கின் குறியீடும் வேறாக இருக்க வேண்டும். முதல் நான்கு இலக்கமே பாமாயிலுக்கு 1511, முறுக்கை 1905ல் போட்டாலும் 2106ல் போட்டாலும் வேறுதான். நூறு ரூபாய் முறுக்கில் எண்ணெய் எவ்வளவு?

காரைக்குடி முறுக்குக்காரன்:
18 ரூபாய் வரும். அரிசி, உளுந்து எல்லாம் உள்ளூர். எண்ணெய் மொத்தக் கடையில் வாங்கியது, இந்தோனேசியா சர்டிபிகேட் எதுவும் கையில் இல்லை.

தூத்துக்குடி ஏஜென்ட்:
அது இருந்தால் ஆசியான் சரக்கு என்று நம் கணக்கிலேயே சேர்த்திருக்கலாம். இல்லாவிட்டாலும் நட்டமில்லை, 18ஐ வெளி என்றே போடுங்கள். பில்கள், விலைக் கணக்கு பத்திரம்.

கானாடுகாத்தான் ஆச்சி:
தம்பி, கப்பல் கொழும்பு வழியா போச்சா? எங்கள் சரக்கு அங்கேதான் மாட்டியது. இலங்கை அந்த ஒப்பந்தத்தில் இல்லை. இறக்கி ஏற்றலாம், ஆனால் அங்கே வியாபாரத்துக்குள் நுழையக்கூடாது. தூத்துக்குடியிலிருந்து பினாங்கு வரை ஒரே பில் ஆஃப் லேடிங் (கப்பல்காரர் தரும் சரக்கு ரசீது) இருந்தால் தப்பித்தாய். எங்கள் சரக்கை அனுப்பித் தந்த ஃபார்வர்டர் இரண்டாகப் போட்டுக் கொடுத்திருந்தார், அந்த முறை சலுகை போச்சு.

காரைக்குடி முறுக்குக்காரன்:
பார்த்தேன் ஆச்சி, ஒரே பில்தான், பினாங்கு வரை. ஆனா கப்பல் போய்விட்டதே, இனிமேல் ஏஐ கிடைக்குமா?

தூத்துக்குடி ஏஜென்ட்:
கிடைக்கும். கப்பலேறியதிலிருந்து 12 மாதத்துக்குள், பின்னால் வழங்கியது என்ற குறிப்போடு தருவார்கள். ஏன் தாமதம் என்று எழுதித் தரணும். அதற்கு முன் பார்ட்டியிடம் ஒன்று கேளுங்கள்: அந்தக் குறியீட்டுக்கு மலேசியாவில் சாதாரண வரியே சுழியமாக இருந்தால், இந்த ஓட்டமே வேண்டாம்.

காரைக்குடி முறுக்குக்காரன்:
அதைக் கேட்கவே தோன்றவில்லை! இப்பவே வாட்ஸ்அப் போடுகிறேன்.