கேன் தண்ணியை நிறுத்திவிட்டு ஃபில்டர்: சம்ப்பில் மெட்ரோ தண்ணியும் போர்வெல் தண்ணியும் கலந்தால் ஆர்.ஓ. கட்டாயமா?

வேளச்சேரி_2பி:
12 வீட்டு அப்பார்ட்மென்ட். ஒரே சம்ப்பில் (தரைக்கடித் தொட்டி) மெட்ரோ வாட்டர் குழாய்த் தண்ணியும் போர்வெல் தண்ணியும் விழுகிறது. டிடிஎஸ் (லிட்டரில் கரைந்த உப்பு, மில்லிகிராமில்) மீட்டரில் மெட்ரோ 280, போர் 1150. சமையலறைக் குழாயில் நாளுக்கு நாள் 400 முதல் 900 வரை மாறுகிறது. நாலு பேருக்கு இரண்டு நாளைக்கு ஒரு 20 லிட்டர் கேன், 40 ரூபாய். யு.வி. (புற ஊதா விளக்கு) ஃபில்டர் போதுமா, ஆர்.ஓ. (கரைந்த உப்பையும் நீக்கும் ஃபில்டர்) வேண்டுமா? கடைக்காரர்கள் எல்லோரும் ஆர்.ஓ.தான் என்கிறார்கள்.

குழாய்க்காரன்:
குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரத்தில் டிடிஎஸ் 500 வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணியே இல்லாவிட்டால் 2000 வரை அனுமதி. அதனால் உங்கள் மெட்ரோ தண்ணிக்கு ஆர்.ஓ. தேவையே இல்லை, யு.வி.+யு.எஃப். (நுண்துளைச் சவ்வு) போதும். சிக்கல் கலப்பில்தான். யு.வி. கிருமியைக் கொல்லும், யு.எஃப். கிருமியையும் கலங்கலையும் பிடிக்கும். கரைந்த உப்பை இரண்டும் தொடாது. 900 உள்ளே போனால் 900தான் வெளியே வரும்.

அசோசியேஷனில் பேசிப் பாருங்கள். மெட்ரோவுக்கு மட்டும் மாடியில் தனியாக 500 லிட்டர் டேங்க், அதிலிருந்து வீட்டுக்கு ஒரு குழாய். குடிக்க, சமைக்க வீட்டுக்கு 20 லிட்டர் என்றால் 12 வீட்டுக்கு 240. இரண்டு நாள் தாங்கும். நல்ல தண்ணியைச் சம்ப்பில் கெடுத்து, பிறகு கரண்ட் செலவழித்துச் சுத்தம் செய்வதைவிட இது எவ்வளவோ மேல். இதற்கு வழியே இல்லை என்றால் மட்டும் ஆர்.ஓ.

மெம்பிரேன்_மணி:
ஆர்.ஓ. வைத்தால் கவனிக்க வேண்டியவை. புது கார்பன் ஃபில்டர் (குளோரினைப் பிடிக்கும் கரி) மாட்டியதும் தண்ணியை நேராக மெம்பிரேனுக்கு (உப்பைத் தடுக்கும் ஆர்.ஓ. சவ்வு) விடாதீர்கள். கார்பனுக்குப் பின்னால் வரும் டியூபைக் கழற்றி பக்கெட்டில் விடுங்கள். முதலில் மை கரைத்தது போலக் கறுப்பாக வரும். தெளிந்த பிறகு இணையுங்கள். அந்தத் தூள் மெம்பிரேனை அடைத்துவிடும். புது மெம்பிரேன் போட்டால் முதல் இரண்டு டேங்க் தண்ணியைக் கொட்டிவிடுங்கள்.

மாதம் ஒருமுறை உள்ளே வரும் தண்ணி, வெளியே வரும் தண்ணி இரண்டின் டிடிஎஸ்ஸையும் அளந்து எழுதி வையுங்கள். 600 உள்ளே, 60 வெளியே என்றால் 90 சதவீதம் நீங்குகிறது, நல்ல மெம்பிரேன். தண்ணி வரத்து குறைந்தால் ஸ்பன் ஃபில்டர் (தூசி பிடிக்கும் நூல் ஃபில்டர்) அடைப்பு அல்லது மெம்பிரேனில் உப்புப் படிவு. வரத்து நன்றாக இருந்தும் டிடிஎஸ் ஏறினால் ஓ-ரிங் (மெம்பிரேனில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) பாருங்கள். அதுவும் சரி என்றால் கார்பன் தீர்ந்துபோய் மெட்ரோ தண்ணியின் குளோரின் மெம்பிரேனை அரித்திருக்கிறது. கார்பனைத் தள்ளிப்போட்டு மிச்சம் பிடிப்பவர்கள் மெம்பிரேனுக்குச் செலவழிப்பது இதனால்தான்.

டிடிஎஸ் கன்ட்ரோலர் என்ற சின்னத் திருகு, ஆர்.ஓ. ஆகாத தண்ணியைக் கொஞ்சம் கலந்துவிடும். போர் தண்ணியில் நைட்ரேட் (தீங்கான ஓர் உப்பு) இருந்தால் அதுவும் அந்த வழியாக வரும். லேபில் கொடுத்து நைட்ரேட் டெஸ்ட் ரிப்போர்ட் வரும்வரை அதை மூடியே வையுங்கள்.

வேளச்சேரி_2பி:
தனி டேங்க்கை மீட்டிங்கில் எழுப்புகிறேன். ஆர்.ஓ. என்றே முடிவானால் வேஸ்ட் தண்ணி எவ்வளவு போகும்?

மெம்பிரேன்_மணி:
நாளைக்கு 10 லிட்டர் குடிதண்ணிக்கு, 30 சதவீத மீட்பு (உள்ளே போவதில் குடிதண்ணியாக வரும் பங்கு) என்று வைத்தால் சுமார் 23 லிட்டர். உள்ளே டிடிஎஸ் 600 என்றால் வேஸ்ட் தண்ணியில் 850க்குக் கிட்ட இருக்கும். தரை துடைக்க, டாய்லெட்டுக்கு நல்லது. தொட்டிச் செடிக்குத் தினமும் ஊற்றினால் மண்ணில் உப்பு தங்கும்.

கிண்டி_கெமிஸ்ட்:
டிடிஎஸ் மீட்டர் கிருமியைக் காட்டாது. 50 என்று காட்டும் தண்ணியிலும் ஈ-கோலி (மலக் கலப்பைக் காட்டும் கிருமி) இருக்கலாம். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் தண்ணி பரிசோதிப்பார்கள். கிருமி டெஸ்டுக்குப் பாட்டிலை லேபிலேயே வாங்குங்கள், கழுவாதீர்கள்: குளோரினை முறிக்கும் மருந்து உள்ளே இருக்கும். பிடித்ததும் ஐஸில் வைத்து அன்றே கொடுங்கள்.

சம்ப்பில் கிருமி போக, அதைத் தேய்த்துக் கழுவி, நிரப்பி, 1000 லிட்டருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடர் (33 சதவீதம் குளோரின் உள்ளது) கரைத்து ஓர் இரவு விட்டு, முழுக்க வெளியேற்றுங்கள். அந்த நேரத்தில் எல்லா வீட்டிலும் ஃபில்டரின் இன்லெட் வால்வு மூடியிருக்க வேண்டும்.