கென்டக்கி வழி வந்த ஒரு பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயரை உறுதிசெய்வது எப்படி?

கேள்வி: கோட்டையூரிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். அடுத்த ஆண்டு வரவிருக்கும் என்னுடைய பீமரத சாந்திக்கு (எழுபதாம் வயதில் செய்யும் சாந்தி) முன்பாக எங்கள் குடும்ப வரலாற்றைச் சிறு நூலாகத் தொகுத்து உறவினர்களுக்குக் கொடுக்க எண்ணியிருக்கிறேன். வீட்டுக்கு வந்த ஒவ்வொரு ஆச்சியின் பெயருக்கு எதிரிலும் அவர் பிறந்த ஊர், பிறந்த வீட்டு விலாசம், பிறந்த வீட்டாரின் கோயில் ஆகிய மூன்றையும் எழுதியிருக்கிறோம். நகரத்தாராகிய எங்களிடம் திருமணத்தின்போது எழுதப்படும் ஒப்பந்தமான இசைகுடிமானத்தின் பழைய ஓலைகளும் தாள்களும் பெரும்பாலும் கிடைத்துவிட்டதால் அதில் அதிகச் சிரமம் இருக்கவில்லை.

என் மூத்த மகன் அமெரிக்காவில் மணந்துகொண்ட எங்கள் மருமகள், கென்டக்கி மாநிலத்துப் பழங்குடியேறிகளின் வழியில் வந்தவர். அவருடைய தாய்வழியையும் அதே முறையில் நூலில் சேர்க்க வேண்டும் என்பது என் விருப்பம். தாய், தாயின் தாய் என்று பெண்வழியாகவே ஏழு தலைமுறை மேலே ஏறினால், 1796ஆம் ஆண்டு வாக்கில் கென்டக்கியின் லிங்கன் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) திருமணம் செய்துகொண்ட ஒரு பெண்மணியிடம் போய் நிற்கிறோம். அவருடைய மூத்த மகள் 1797இல் பிறந்தார். கணவர் 1830களில் காலமானார்; அவர் இளவயதில் வர்ஜீனியக் குடிப்படையில் இருந்தவர் என்பது செவிவழிச் செய்தி. 1850ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் அந்தப் பெண்மணி 76 வயதுடையவராக, வர்ஜீனியாவில் பிறந்தவராக, மகள் வீட்டில் இருப்பதாகப் பதிவாகியிருக்கிறது. அவர் பிறந்த வீட்டின் குடும்பப் பெயர் மட்டும் உறுதிப்படவில்லை. சம்பந்தி வீட்டாரிடம் இருக்கும் ஒரு பழைய குறிப்பேடு ஒரு பெயரைச் சொல்கிறது. இணையத்தில் பலர் பதிவேற்றியுள்ள குடும்ப மரங்கள் வேறொரு பெயரைச் சொல்கின்றன. இரண்டுக்கும் ஆதாரம் காட்டப்படவில்லை. குடும்பத்தாரின் விருப்பப்படி அப்பெயர்களை இங்கே எழுதாமல், குறிப்பேட்டுப் பெயர், இணையப் பெயர் என்றே குறிப்பிடுகிறேன்.

எத்தகைய ஆவணங்களை, எந்த வரிசையில் தேடினால் இது தெளிவுபடும் என்று விவரமறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: கானாடுகாத்தானைச் சேர்ந்தவர், தற்போது ஒகையோவில்

ஐயாவுக்கு வணக்கம். என் மனைவியின் அலுவலகத் தோழி ஒருவருக்காக இதே கென்டக்கிப் பகுதியில் சில ஆண்டுகள் தேடியிருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில், அந்தப் பெண்மணியைத் திருமணக் காலத்துக் குடிக்கணக்கில் தேடிப் பயனில்லை. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்குகள் 1790 முதல் 1840 வரை குடும்பத் தலைவரின் பெயரை மட்டுமே எழுதின. மற்றவர்கள் வயதுவாரியான எண்ணிக்கையாக மட்டுமே நிற்கிறார்கள். அடிமைகள் நீங்கலாக வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பெயரும் 1850இல்தான் முதன்முதலாக எழுதப்பட்டது. அத்துடன் கென்டக்கியின் 1790, 1800 ஆகிய இரு கணக்குகளும் அழிந்துபோயின. எஞ்சியிருப்பவற்றில் முதலாவது 1810ஆம் ஆண்டுக் கணக்கு. அந்த இடைவெளியை ஓரளவு நிரப்புபவை ஆண்டுதோறும் எடுக்கப்பட்ட வரிப் பட்டியல்கள். அவற்றில் 21 வயது நிறைந்த ஆண்கள், குதிரைகளின் எண்ணிக்கை, நிலத்தின் அளவு ஆகியவற்றோடு அந்த நிலம் எந்த ஓடையின் கரையில் இருந்தது என்பதும் எழுதப்பட்டிருக்கும். பெண்ணைத் தேடும் நமக்கு இந்த ஓடைப் பெயர் மிகவும் முக்கியம். கம்பர்லாந்து கணவாய் வழியாகக் கென்டக்கிக்கு வந்தவர்கள் பெரும்பாலும் உறவுக் கூட்டமாகவே வந்து அடுத்தடுத்து நிலம் பிடித்தார்கள்; நம்மவர்கள் ரங்கூன் மொகல் தெருவில் ஒரே கிட்டங்கிக் கட்டடத்தில் அடுத்தடுத்துப் பெட்டியடி போட்டு வட்டிக்கடை நடத்தியதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணவரின் ஓடைக் கரையிலேயே குறிப்பேட்டுப் பெயரோ இணையப் பெயரோ உடைய ஆண்கள் இருந்தார்களா என்று 1792 முதல் ஆண்டுவாரியாகப் பாருங்கள்.

அடுத்தது திருமணப் பிணைப் பத்திரம். வர்ஜீனியாவிலும் அதன் சட்ட வழக்கைத் தொடர்ந்த கென்டக்கியிலும், மணமகனும் பிணைதாரர் ஒருவரும் சேர்ந்து, இத்திருமணத்துக்குச் சட்டத்தடை எதுவும் இல்லை என்றும், இருந்தால் 50 பவுண்டு செலுத்துவோம் என்றும் கவுண்டி எழுத்தரிடம் எழுதிக்கொடுப்பார்கள். பிணைதாரராக நின்றவர் பல நேரங்களில் மணமகளின் தந்தையாகவோ உடன்பிறந்தவராகவோ இருப்பார். மணமகளுக்கு 21 வயது நிறையாவிட்டால் தந்தையோ காப்பாளரோ கையெழுத்திட்ட சம்மதச் சீட்டும் வேண்டும். நைந்த துண்டுத் தாளாக அது பத்திரத்துடனேயே சில இடங்களில் பிழைத்திருக்கிறது. நம் இசைகுடிமானம் போல இரு வீட்டாரின் விவரமும் ஒரே இடத்தில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இருந்தாலும், அந்தக் காலத்துப் பெண்ணொருத்தியின் பெயர் அவள் பிறந்த வீட்டு ஆண் ஒருவரின் கையெழுத்தோடு ஒரே தாளில் நிற்கக்கூடிய இடம் பெரும்பாலும் இது ஒன்றுதான்.

அச்சிட்ட திருமண அட்டவணைகளை மட்டும் பார்த்து நிறைவு கொள்ளாதீர்கள். அவற்றில் பிணைதாரர் பெயரும் ஓரக்குறிப்புகளும் பெரும்பாலும் விடுபட்டிருக்கும். ஃபேமிலிசர்ச் என்ற குடும்ப வரலாற்று இணையதளத்தில் பதிவேடுகளின் படங்களே இருக்கின்றன. மூலத்தின் படத்தையே பார்க்க வேண்டும்.

பதில்: ஓய்வுபெற்ற பத்திரப்பதிவு எழுத்தர், காரைக்குடி

அன்புள்ள ஐயா, அமெரிக்கச் சட்டம் நான் தொழிலாகப் பார்த்ததில்லை என்றாலும், பேரன் ஒருவனின் ஆய்வுக்காக அந்நாட்டு நிலப் பத்திரங்கள் சிலவற்றைப் படித்துப் பார்த்ததில், முப்பது ஆண்டுகள் கிரயப் பத்திரங்களோடு பழகிய எனக்கு அவை அந்நியமாகத் தோன்றவில்லை.

கணவர் நிலம் விற்ற பத்திரங்களில் மனைவியின் பெயர் வரும். கணவர் இறந்தால் அவர் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தன் ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை மனைவிக்கு இருந்ததால், அதை அவர் மனமுவந்து விட்டுக்கொடுக்கிறாரா என்று கணவரை அப்புறப்படுத்தித் தனியே விசாரித்துக் குறித்துக்கொள்வார்கள். ஆனால் அங்கே முதற்பெயர் மட்டுமே கிடைக்கும். நமக்கு வேண்டியது அந்தப் பெண்ணின் தந்தை காலமான பிறகு எழுதப்பட்ட பத்திரம். தந்தை உயில் எழுதாமல் இறந்திருந்தால் நிலம் மகன்களுக்கும் மகள்களுக்கும் பொதுவாக இறங்கும். அதை ஒருவரிடம் சேர்க்கவோ வெளியாருக்கு விற்கவோ வேண்டுமானால் மணமான மகள்களும் அவர்களுடைய கணவர்களும் சேர்ந்து கையொப்பமிட வேண்டும். நம் ஊரில் அண்ணன் தம்பிகளுக்குப் பெண்மக்கள் எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தின் இடத்தில் வைத்துப் பாருங்கள். அதில் 'இன்னாருடைய வாரிசுகள்' என்று தொடங்கி, மருமகன்களின் பெயர்களும் வரிசையாக வரும். மணமான பெண் அக்காலச் சட்டப்படி பொதுவாகத் தன் பெயரில் உயில் எழுத இயலாது என்பதால், அவருடைய உயிலைத் தேடுவதைவிட இணையப் பெயருடைய முதியவர்களின் உயில்களில் 'என் மகள்' என்று இவருடைய கணவர் வீட்டுப் பெயரோடு யாராவது குறிக்கப்பட்டிருக்கிறாரா என்று பார்ப்பதே வழி.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் வட்டாரத்து ஆவணம் ஒன்றைத் தேடும்போது, 1985க்கு முன் நாம் ராமநாதபுரம் மாவட்டத்திலும் 1910க்கு முன் மதுரை மாவட்டத்திலும் இருந்தோம் என்பதை மறந்தால் தவறான அலுவலகத்தின் வாசலில்தான் நிற்போம். அங்கும் அதே நிலைமை. லிங்கன் கவுண்டியே 1780இல் கென்டக்கி கவுண்டியை மூன்றாகப் பிரித்தபோது உண்டானது. அதிலிருந்து 1780களின் நடுவில் மாடிசன், மெர்சர் ஆகியவை பிரிந்தன. பிறகு இம்மூன்றின் பகுதிகளையும் சேர்த்துக் காரர்டு என்ற கவுண்டி 1790களின் இறுதியில் அமைந்தது. குடும்பம் வீட்டை விட்டு நகராமலேயே அதன் பத்திரங்கள் இரண்டு மூன்று நீதிமன்றங்களில் சிதறியிருக்கலாம். 1792 வரை கென்டக்கி முழுவதும் வர்ஜீனியாவின் பகுதியாகவே இருந்ததால், தந்தையின் உயில் வர்ஜீனியாவிலேயே இருந்துவிடவும் கூடும்.

பதில்: தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி

தம்பிக்கு வாழ்த்து. என் ஆயா பிறந்த ஊரை ஒரு கல்யாண மலரில் யாரோ தவறாக அச்சிட்டுவிட, பிறகு வந்த நான்கு மலர்களிலும் அதுவே திரும்பத் திரும்ப அச்சாகி, இன்று எங்கள் பிள்ளைகளுக்கு அதுதான் உண்மை என்று ஆகிவிட்டது. இசைகுடிமானத்தைக் காட்டிய பிறகும் 'எல்லா மலரிலும் இப்படித்தானே இருக்கிறது' என்று கேட்கிறார்கள். ஆகவே பத்து மரங்களில் ஒரே பெயர் இருப்பதைப் பத்துச் சாட்சியாக எண்ணிவிட வேண்டாம். அவற்றுள் முதலில் எழுதியவர் யார், எதைப் பார்த்து எழுதினார் என்று கேட்டு அவருக்கு ஒரு கடிதம் போடச் சொல்லுங்கள்.

குழந்தைகளின் பெயர்களையும் பாருங்கள். நம் வீடுகளில் மூத்த பேரனுக்கு அப்பாவைப் பெற்ற ஐயாவின் பெயரையும், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்ற ஐயாவின் பெயரையும் வைப்பதுபோல அங்கும் பல குடும்பங்களில் வழக்கம் இருந்திருக்கிறது. தாயின் பிறந்த வீட்டுப் பெயரையே பிள்ளைக்கு முதற்பெயராகவோ நடுப்பெயராகவோ வைப்பதும் உண்டு என்று என் மகள் சொல்கிறாள். இதை எங்கே தேடுவது என்பதற்கான குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இதை வைத்து முடிவு கட்டிவிட வேண்டாம்.

கேட்டவரின் மறுமொழி: கோட்டையூரிலிருந்து

மூவருக்கும் என் உளமார்ந்த நன்றி. உங்கள் பதில்களை மகனுக்கு அனுப்பினேன். மருமகள் மூன்று வாரம் தேடி, லிங்கன் கவுண்டியின் பிணைப் பத்திரத்தின் படத்தைக் கண்டெடுத்துவிட்டார். ஆண்டு 1796. மணமகளின் குடும்பப் பெயர் எங்கள் சம்பந்தி வீட்டுக் குறிப்பேட்டில் உள்ளதேதான். அதைப் பார்த்ததும் காரியம் முடிந்தது என்றே எண்ணினேன். ஆனால் பெயருக்குப் பக்கத்தில் 'கைம்பெண்' என்ற சொல் சிறியதாக எழுதப்பட்டிருக்கிறது. சம்மதச் சீட்டு எதுவும் இல்லை. பிணைதாரராகக் கையெழுத்திட்டவரின் குடும்பப் பெயரோ இணையத்தில் சொல்லப்படும் மற்றப் பெயராக இருக்கிறது. மருமகள் அச்சிட்ட அட்டவணையையும் பார்த்தார். அதில் கைம்பெண் என்ற குறிப்பும் இல்லை, பிணைதாரரும் இல்லை.

பதில்: கானாடுகாத்தானைச் சேர்ந்தவர், தற்போது ஒகையோவில்

ஐயா, இதைப் படித்ததும் எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. அந்த ஒரு சொல் இரு பெயர்களுக்கும் இடம் தருகிறது. கைம்பெண்ணாக மறுமணம் செய்தவரின் பெயர் பிணைப் பத்திரத்தில் இறந்துபோன முதற்கணவரின் குடும்பப் பெயரோடுதான் எழுதப்படும்; எனவே குறிப்பேட்டுப் பெயர் பெரும்பாலும் முதற்கணவருடையது. அக்கால எல்லைப்புறத்தில் இருபத்திரண்டு வயதிலேயே ஒரு பெண் கணவரை இழந்திருப்பது வியப்புக்குரியதன்று. 1850ஆம் ஆண்டுக் கணக்கின் வயதைக் கொண்டு பார்த்தாலும் அவருக்கு 21 நிறைந்திருந்தது. சம்மதச் சீட்டு இல்லாததற்கு அதுவே காரணமாகலாம்.

ஆனாலும் இணையப் பெயரை உடனே பிறந்த வீட்டுப் பெயராக எழுதிவிடாதீர்கள். பிணைதாரர் அவருடைய உடன்பிறந்தவராக இருக்கலாம். முதற்கணவரின் சகோதரியை மணந்தவராகவோ, மணமகனின் நண்பராகவோ இருக்கவும் கூடும். அந்த மரங்களை எழுதியவரும் பிணைதாரரின் பெயரைப் பார்த்து ஊகித்தவராக இருக்கலாம். அப்படியானால் நம்மிடம் இருப்பது ஒரே சான்றுதான். இனித் தேட வேண்டியவை மூன்று. முதற்கணவரின் சொத்தை நிர்வகிக்க 1796க்கு முன் நீதிமன்றம் யாரை நியமித்தது, அவர்களுக்குப் பிணை நின்றவர் யார் என்பது ஒன்று. பிணைதாரரின் தந்தை எழுதிய உயில், அல்லது காரைக்குடி ஐயா சொன்ன வாரிசுப் பத்திரம் மற்றொன்று. ஃபேமிலிசர்ச் தளத்தில் கையெழுத்து ஆவணங்களின் உள்ளேயே சொல்லைத் தேடும் வசதி இப்போது இருப்பதால், அட்டவணையில் ஏறாத மருமகன் பெயர்களும் அகப்படும்.

மூன்றாவது ஓய்வூதியக் கோப்பு. இரண்டாம் கணவர் உண்மையாகவே அமெரிக்க விடுதலைப் போரில் பணியாற்றியவர் என்றால், 1800ஆம் ஆண்டு பிறப்பதற்கு முன் மணம் முடித்த கைம்பெண்களுக்கு ஓய்வூதியம் அளிக்கும் சட்டம் 1848இல் வந்தது. 1850இல் உயிரோடிருந்த இவர் அதன்படி விண்ணப்பித்திருக்கக்கூடும். திருமணத்தை மெய்ப்பிப்பதற்காகக் குடும்ப விவிலியத்தில் பிறப்பும் மணமும் எழுதிய ஏட்டையே கிழித்து அனுப்பியவர்கள் உண்டு. அண்டை அயலாரும் உடன்பிறந்தவர்களும் சத்தியம் செய்து எழுதிக்கொடுத்த வாக்குமூலங்களும் அந்தக் கோப்புகளில் இருக்கின்றன. அவை அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன.

மரபணுச் சோதனையைப் பற்றி மருமகள் கேட்டதாகத் தனிமடலில் எழுதியிருந்தீர்கள். ஏழு தலைமுறைக்கு முந்தைய ஒருவரிடமிருந்து வரும் பொது மரபணுப் பங்கு சராசரியாக 128இல் ஒன்று. சிலருக்கு அது அதைவிடக் குறைவாகவும் இருக்கக்கூடும். ஆனால் உங்கள் மருமகளின் வழி முழுவதும் தாய்வழியாகவே செல்வதால், தாயிடமிருந்து மட்டுமே இறங்கும் இழைமணி (மைட்டோகாண்ட்ரியா) மரபணு இங்கே உதவும். பிணைதாரரின் உடன்பிறந்த சகோதரி ஒருவரிலிருந்து இடையறாத பெண்வழியில் வந்த யாராவது கிடைத்தால் இருவருடையதையும் ஒப்பிடலாம். பொருந்தாவிட்டால் இருவரும் ஒரே தாய் மக்கள் என்ற எண்ணம் அநேகமாக விழுந்துவிடும். பொருந்தினால் அது தடையில்லை என்று மட்டும் சொல்லும், உறவை மெய்ப்பிக்காது. எனவே காகிதத்தைத் தேடி முடித்த பிறகு இதைச் செய்தால் போதும்.

கேட்டவரின் மறுமொழி: கோட்டையூரிலிருந்து

மிக்க நன்றி தம்பி. ஓய்வூதியக் கோப்பு உண்டா என்று மருமகள் தேடத் தொடங்கியிருக்கிறார்; லிங்கன், காரர்டு ஆகிய இரு கவுண்டிகளின் உயில் பதிவேடுகளையும் மகன் பார்த்துவருகிறான். சாந்திக்குள் விடை கிடைக்காவிட்டால் நூலில் எழுத வேண்டியதை இப்படி வைத்திருக்கிறோம்: 'பிறந்த இடம் வர்ஜீனியா, 1796இல் லிங்கன் கவுண்டியில் மறுமணம், குறிப்பேட்டில் உள்ள பெயர் முதற்கணவருடையதாகலாம், பிறந்த வீட்டுப் பெயர் இன்னும் தேடப்படுகிறது.' அதற்குக் கீழே இரண்டு வரி இடம் வெறுமையாக விடும்படி அச்சகத்தாரிடம் சொல்லியிருக்கிறேன்.